எண் இல்லாத டோக்கன்

“வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டோக்கன் குடுங்க சேர்.”

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.20க்கு, மேனேஜர் நிஸாம் சேரின் மேசைக்கு முன்னால் நின்று நான் அதைக் கேட்டேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாட்களுக்குள் நடந்தது.

கற்பனை இல்லை. நான் பேய் பிசாசுக்குப் பயந்த ஆளும் இல்லை. மஹய்யாவையில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள் நான். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைச் சேலை எதுவும் இதில் வராது. நடந்தது பகல் வெளிச்சத்தில். கையில் மணிக்கூடு கட்டியிருந்தேன், நேரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் வேறு ஆட்கள் மேல்.

இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம். மலையைச் சுற்றி இறங்கினால் ஏரி. கரையோரமாக அறுபது வீடுகள், எல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு கிளப் ஹவுஸ். அதில் ஜிம் உண்டு, பட்மிண்டன் கோர்ட் உண்டு, படகுத்துறை உண்டு, நீச்சல் குளம் உண்டு. ‘அனைவருக்கும் பொதுவானது’ என்று வாசலில் மூன்று மொழியிலும் பித்தளையில் எழுதியிருக்கும். அந்த ‘அனைவர்’ யார் யார் என்பது உள்ளே போன பிறகுதான் விளங்கும்.

எனக்கு வேலை கிளப் ஹவுஸில். யார் எத்தனை மணிக்கு எதைப் பாவிக்கிறார்கள் என்று பதிவது, சண்டை வந்தால் சமாதானம் பேசுவது, சிரிப்பது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் வந்தால் அம்மாவை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லலாம். அம்மா டவுனில் இரண்டு வீடுகளுக்குப் போகிறாள். இரண்டு வீட்டிலும் அவளுக்குத் தனிக் கோப்பை. அதனால் அந்தக் கடிதம் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குளத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே சுவரில் ஒரு மரப்பலகை. அதில் அறுபது கொக்கிகள், வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்காரர்களிடம் எண் போட்ட பித்தளை டோக்கன்கள் இருக்கும். தண்ணீரில் இறங்க முன் டோக்கனைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குக் கறுப்பையா அண்ணன் வந்து பலகையைப் பார்ப்பார். குளத்தை 11 வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பலகை வெறுமையாக இருந்தால் தண்ணீரில் ஆளில்லை. பம்ப் அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்துவார். ஆழமில்லாத பக்கத்து உருளையிலிருந்து தடித்த நீலக் கவர் ஒன்று கழன்று, இரண்டு ஓரத்துப் பள்ளக் காடிகளுக்குள்ளும் ஓடி, ஆழமான பக்கம் வரைக்கும் குளத்தை மூடிவிடும். மரத்துச் சருகு விழாது, தண்ணீர் குளிராது. மூடினால் விரல் நுழைக்க இடமிருக்காது.

வீட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு டோக்கன் கிடையாது. அவர்கள் குளத்தோரம் வாங்கில் உட்கார்ந்து முதலாளி வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கலாம். தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆனால் குழந்தை அழுதால் இறங்கினார்கள். பந்து தூரப் போனால் இறங்கினார்கள். உடுத்த உடுப்போடு சத்தமில்லாமல் இறங்கி ஏறினார்கள். எல்லோருக்கும் தெரியும்.

பலகைக்கு மட்டும் தெரியாது.

அதனால்தான் கேட்டேன்.

நிஸாம் சேர் கட்டுகஸ்தோட்டைக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்தவர். நான் கேட்டதும் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

“மொத நாளே சொன்னன்தானே மிஸ். இதக் கேக்க வாணாம்.”

“ஏன் சேர்?”

“கொமிட்டிக்கு விருப்பமில்ல.”

“பலகையில இல்லாத ஆள் தண்ணிக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ஜன்னல் வழியாகத் தெரிந்த குளத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“எறங்கக் கூடாதுண்டு சட்டம் ஈக்குது. எறங்காட்டி பிரச்சினயே இல்ல. ஒங்கட கடிதம் இந்த மேச லாச்சியிலதான் ஈக்குது. மாசக் கடைசி. பாழாக்கிக்கொள்ள வாணாம்.”

பின்னேரம் எனக்கொரு வேலை தந்தார். நோட்டீஸ் எழுதும் வேலை. ‘வீட்டுப் பணியாளர் நீச்சல் குளத்தில் இறங்குவது கண்டுபிடிக்கப்பட்டால் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவர்.’ மூன்று மொழியிலும் நானே எழுதினேன். எழுத்துப் பிழை ஒன்றும் விடவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன்.

றமீலா வந்து நின்று வாசித்தாள். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, 19 வயது. 23ஆம் நம்பர் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தையொன்றைப் பார்க்கிறாள்.

“பணியாளர்னா நாங்களா மிஸ்?”

“ஆமா.”

“நல்லாத்தான் பேரு வச்சிருக்கீங்க” என்றாள். சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள், புதன்கிழமை. 6.05.

கறுப்பையா அண்ணன் கவரை மூடிவிட்டுப் போயிருந்தார். நான் விளக்கை அணைக்க வந்தேன். பலகைக்குக் கீழே தரை நனைந்திருந்தது. குளத்து விளிம்பிலிருந்து பலகை வரைக்கும் காலடிகள். வெறுங்கால், வளர்ந்த ஆளின் கால்தான், ஆனால் அளவில் சிறியது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. யாரோ கடைசியாக ஏறிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். அவை பலகைக்கு வந்தன. பலகைக்கு முன்னால் இரண்டு காலும் சேர்ந்து நின்றன.

அங்கிருந்து எங்கேயும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை. 6.04. கவர் மூடியாகிவிட்டது. மோட்டர் நின்றுவிட்டது. நானும் அண்ணனும் மட்டும்.

டப்... டப்... டப்...

ஆழமான பக்கத்திலிருந்து வந்தது. தண்ணீர் தளும்பும் சத்தம் இல்லை. உள்ளங்கையால் கதவைத் தட்டினால் வருமே, அது.

“என்ன சத்தம்ணே?”

“மோட்டரு மிஸ்.”

“மோட்டர் நிப்பாட்டியாச்சே.”

அவர் பம்ப் அறைக்குள் போய் ரேடியோவைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக அந்த மனிதர் அந்த வேலை முடிந்ததும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை 6.10க்குப் பலகையைத் துடைக்கப் போனேன். ஒவ்வொரு கொக்கிக்குக் கீழேயும் ஈர விரல் அடையாளம் இருந்தது. ஒன்றாம் எண்ணிலிருந்து அறுபதாம் எண் வரைக்கும். யாரோ ஒவ்வொரு கொக்கியாகத் தடவித் தடவித் தேடியிருக்கிறார்கள். அறுபதுக்குப் பிறகு வெறும் மரம். அங்கேதான் விரல் அடையாளங்கள் அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாக...

கெமரா பதிவைப் பார்க்கலாம் என்று போனேன். கிளப் ஹவுஸுக்கு மூன்று கெமராக்கள். மூன்றும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. குளத்தைப் பார்க்க ஒன்றும் இல்லை. செக்கியூரிட்டியிடம் கேட்டேன். “நாலு வருஷமா அப்படித்தான் மிஸ்” என்றான்.

அடுத்த புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. கறுப்பையா அண்ணன் லீவு. குளத்தை மூடும் வேலை என் தலையில் விழுந்தது.

மத்தியானத்திலிருந்தே மழை. ஏரியும் தெரியவில்லை, எதிர்மலையும் தெரியவில்லை. அக்கரைப் பன்சலையில் பிக்கு ஒலிபெருக்கியில் பண ஓதும் சத்தம் மட்டும் மழைக்குள்ளே வந்து வந்து போனது. குளத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். 4.35க்கு றமீலா குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு மழையில் நீந்த வேண்டுமாம். டோக்கன் 23ஐ மாட்டினாள். தான் வாங்கில் குடை பிடித்து உட்கார்ந்தாள்.

5.31க்குக் குழந்தையின் தாய் காரில் வந்து ஹோர்ன் அடித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெரிய குடை காரை நோக்கிப் போனது. குடைக்குக் கீழே கால்கள் தெரிந்தன. எத்தனை கால் என்று நான் எண்ணவில்லை. கார் போய்விட்டது.

மழையில் இனி யாரும் வரமாட்டார்கள் என்று ஆறுக்கு முன்பே, 5.48க்குப் பலகைக்கு வந்தேன். 23 இல்லை. பலகை வெறுமை. மழை தண்ணீரைக் குத்திக் குத்திக் குளம் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆழமான பக்கம் மூட்டத்தில் மங்கலாக இருந்தது. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பலகைதான் வெறுமையாக இருக்கிறதே.

டோக்கன் கேட்டுச் சண்டை பிடித்தவள் நான். நானும் பலகையைத்தான் நம்பினேன்.

பம்ப் அறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினேன். உருளை சுற்றியது. கவர் ஓடியது. 5.51க்கு ஆழமான பக்கத்தில் போய் முட்டி நின்றது.

பளிச்சென்று ஒரு மின்னல்.

கரண்ட் போய்விட்டது.

விளக்குகள் அணைந்தன. பன்சலை ஒலிபெருக்கியும் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும்.

அப்போது கேட்டது...

டிங்.

பித்தளை மரத்தில் படும் சத்தம். ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்ட சத்தம். தண்ணீரில் இறங்குபவர் டோக்கனை மாட்டும் சத்தம்.

வெளியே வந்தேன். யாருமில்லை.

பலகையில் ஒரு டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது.

காற்றில்லை. ஆனாலும் ஆடியது. அறுபதுக்குப் பக்கத்தில், கொக்கியே இல்லாத வெறும் மரத்தில். கிட்டப் போனேன். கையை நீட்டித் தொட்டேன். ஐஸ் போலக் குளிர். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. திருப்பிப் பார்த்தேன்.

எண் இல்லை.

இரண்டு பக்கமும் இல்லை.

கீழே பார்த்தேன். ஈரக் காலடிகள். இந்தத் தடவை அவை பலகையைப் பார்த்து நிற்கவில்லை.

என்னைப் பார்த்து நின்றன.

ஓட நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கேட் வரைக்கும் ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மண்டைக்குள் ஒரே ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடியது. பலகையில் டோக்கன் இருந்தால் தண்ணீரில் ஆள் இருக்கிறது. பலகையில் டோக்கன் இருந்தால் மூடக் கூடாது.

டப்... டப்...

டப் டப் டப் டப்...

ஆழமான பக்கம்.

பம்ப் அறைக்குள் பாய்ந்தேன். உருளைக்குக் கைப்பிடி ஒன்று உண்டு, கரண்ட் இல்லாவிட்டால் சுற்ற. துருப்பிடித்திருந்தது. முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். அசைந்தது. சுற்றினேன். உள்ளங்கைத் தோல் கழன்றது. சுற்றினேன். ஆழமான பக்கத்திலிருந்து கவர் ஓரடி ஓரடியாகப் பின்னால் வந்தது.

5.54.

தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

இன்னும் திறக்காத இடத்தில் கவர் மேலே புடைத்திருந்தது. உள்ளேயிருந்து இரண்டு உள்ளங்கைகள் அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. நீலத்தில் பத்து விரலும் அச்சாகத் தெரிந்தன.

பக்கத்தில்...

இன்னும் இரண்டு.

நான்கு கைகள்.

சுற்றினேன். கவர் அந்த இடத்தைத் தாண்டியது. ஒரு தலை வெளியே வந்தது. கத்தலும் இருமலுமாக.

றமீலா.

ஒரு தலைதான் வந்தது.

சருகு அள்ளும் வலையின் நீளக் கம்பை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். இழுத்துப் போட்டேன். மழையில் தரையில் கிடந்து தண்ணீராகக் கக்கினாள். நான் குளத்தைப் பார்த்தேன். அடிவரைக்கும் பார்த்தேன். எட்டடி ஆழத்தில் வெள்ளை மாபிள் தெளிவாகத் தெரிந்தது. குழந்தையின் சிவப்பு நீச்சல் கண்ணாடி கிடந்தது.

வேறொன்றுமில்லை.

“ஏன் உள்ள இருந்த? ஏன் கத்தல?”

“பாப்பா டோக்கனக் கழட்டிக்கிட்டு காருக்குப் போயிருச்சு. எங்க வீட்டு நோனா கண்ணாடிய எடுத்துட்டு நடந்து வரச் சொன்னாங்க மிஸ். எறங்குனேன், கைக்கு எட்டவே இல்ல. நீங்க வர்ற சத்தம் கேட்டிச்சு. பாத்தா வேலை போயிருமே... ஏணிக்குப் பின்னால தலைய அமுக்கிக்கிட்டேன். நீங்க போனதும் ஏறலாம்னு. அதுக்குள்ள மேல வந்து மூடிருச்சு.”

நான் எழுதிய நோட்டீஸ். என் தமிழ்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

“மத்த அக்கா எங்க மிஸ்?”

“எந்த அக்கா?”

“உள்ள இருந்தாங்களே. என்னத் தோளால முட்டுக் குடுத்து மேலத் தூக்கிட்டே இருந்தாங்க, மூஞ்சி தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி. அவங்கதான் தட்டுனாங்க. எனக்குக் கையில பலமே இல்ல.”

நான் மறுபடி குளத்தைப் பார்த்தேன்.

“காதுக்குள்ள சொன்னாங்க மிஸ். ‘பயப்படாத, டோக்கன் போட்டாச்சு’ன்னு.”

அந்த டோக்கனைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸிலேயே கைக்குட்டை நனைந்துவிட்டது. மேசையில் வைத்தேன். துடைத்தேன். துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அடியில் ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன்.

“என்னாடி எழுதுற? கன்ஃபர்ம் பண்ணிட்டாங்களா?” என்றாள் அம்மா.

“நாளைக்குத் தெரியும்மா.”

வியாழக்கிழமை. காலை 9.10. நிஸாம் சேரின் அறை. விடியும் முன்பே 23ஆம் நம்பர் வீட்டில் றமீலாவின் பையைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அறைக்குள், கதவோரம், கறுப்பையா அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். மேசையில் என் நிரந்தரக் கடிதம் கையெழுத்துப் போட்டுக் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு தாள்.

“இதில ஒரு ஒப்பம் வச்சிட்டு அத எடுத்துக்கொள்ளுங்க மிஸ். முடிஞ்சிது.”

வாசித்தேன். ‘பணிப்பெண் விதியை மீறி ஏரிக்கரைக்குச் சென்று வழுக்கி விழுந்தார்.’

“ஏரியா? குளத்துக்குள்ள சேர் இருந்தா.”

“குளம் வாணாம். குளமெண்டா கொமிட்டிர பொறுப்பு. ஏரி ஆர்டயும் இல்ல.” பேனையை என் பக்கம் தள்ளினார். “முந்தியும் அப்பிடித்தான் எழுதின.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

“முந்தியுமா?” என்றேன்.

மழைச் சாரல்போல அறைக்குள் ஒரு குளிர் அடித்தது. நான் கைக்குட்டையைப் பிரித்து டோக்கனை அந்தத் தாளின் மேல் வைத்தேன். தாள் நனைந்தது. ‘ஏரிக்கரை’ என்ற எழுத்துகள் ஊறிப் பரவின.

நிஸாம் சேர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார். கறுப்பையா அண்ணன் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது எங்க கெடச்சிச்சு மிஸ்?”

“பலகையில.”

கறுப்பையா அண்ணன் டோக்கனையே பார்த்தபடி சொன்னார்.

“இத நாந்தான் வெட்டுனேன். நாலு வருஷத்துக்கு முந்தி. சுகிர்தான்னு ஒரு பிள்ள. புசல்லாவப் பக்கம். ஒங்கள மாதிரியே இவருகிட்ட டோக்கன் கேட்டிச்சு. குடுக்கல. எனக்கு மனசு கேக்கல. பித்தளைத் தகட்டுல ஒன்னு வெட்டி, பலகையில ஒரு ஆணியும் அடிச்சுக் குடுத்தேன், அறுபதுக்குப் பக்கத்துல. எறங்குறப்பல்லாம் மாட்டிட்டுத்தான் எறங்கும். ‘அண்ணே, டோக்கன் போட்டாச்சு’ன்னு கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் எறங்கும்.”

நான் நிஸாம் சேரைப் பார்த்தேன்.

“ஒரு நோனா பாத்திட்டா,” என்றார் அவர். “ஆயாமாருக்கு ஆரு டோக்கன் குடுத்தண்டு சத்தம் போட்டா. ஆணியோட கழட்டச் சொன்னா. கழட்டினன்.”

“அந்தப் பிள்ளை தண்ணிக்குள்ள இருக்கிறப்பவா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“எத்தனை மணிக்கு?”

“அஞ்சு அம்பது.”

“நான் ஆறு மணிக்கு வந்தேன் மிஸ்,” என்றார் கறுப்பையா அண்ணன். “பலகையப் பாத்தேன். வெறுமையா இருந்திச்சு. மூடிட்டேன். சத்தம் கேட்டிச்சு... மோட்டருன்னு நெனச்சேன்.”

வெளியே யாரோ பட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அடிபடும் சத்தம் அறைக்குள் வந்தது.

“காலையிலதான் தொறந்தோம். ஏரிக்கரைக்குத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நானும் ஒருத்தன். ஏரின்னு எழுதுனாங்க. கெமராவையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பி வச்சாங்க, இனி ஏரிய நல்லாப் பாத்துக்குவோம்னு காட்ட.”

“இந்த டோக்கன் என்ன ஆச்சு? நிஸாம் சேர் கழட்டினாரே.”

“இந்த மேசையிலதான் கெடந்திச்சு. நான் எடுத்துக்கிட்டேன்.” அவர் டோக்கனைத் தொடவில்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டார். “பெட்டி கொண்டு போன வேன்ல நானும் புசல்லாவைக்குப் போனேன். பெட்டிய ஆணி அடிச்சு மூட முந்தி, அது கையில நாந்தான் வச்சேன் மிஸ். வெரல மடக்கி வச்சேன். குழியில எறக்கி மண்ணு மூடுற வரைக்கும் நின்னு பாத்தேன்.”

தாள் முழுவதும் நனைந்து, மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

சொட்... சொட்...

நான் பையைத் திறந்து முதல் கடிதத்தை எடுத்து வைத்தேன். வேலையை விடுகிறேன் என்று இரண்டே வரி. இரண்டாவதை அவருக்குக் கொடுக்கவில்லை. பொலிஸுக்கு, மூன்று மொழியில். நோட்டீஸை மூன்று மொழியில் எழுதத் தெரிந்தவளுக்கு இதையும் எழுதத் தெரியும். அதில் றமீலாவின் பெயர் மட்டும் இருந்தது. பேனையை எடுத்து, அவர் மேசையிலேயே வைத்து, கீழே சுகிர்தாவின் பெயரைச் சேர்த்தேன்.

“என் பேரையும் எழுதிக்கங்க மிஸ்” என்றார் தரையிலிருந்து கறுப்பையா அண்ணன். “மூடுனது நான்னு எழுதுங்க.”

எழுதினேன்.

நிரந்தரக் கடிதம் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் இரண்டு கோப்பைகள் நினைவுக்கு வந்தன. டோக்கனை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நல்ல வெயில். குளம் பளபளத்தது. பலகைக்கு முன்னால் நின்றேன். அறுபதுக்குப் பக்கத்தில், கண்ணை வைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆணி பிடுங்கிய பழைய ஓட்டை ஒன்று இருந்தது. டோக்கனை அங்கே மாட்ட முடியாது. ஒன்றாம் எண் கொக்கியில் மாட்டினேன். அது கொமிட்டித் தலைவரின் வீடு.

டிங்.

“மிஸ், அதக் கழட்டுங்க!” அறை வாசலிலிருந்து நிஸாம் சேர்.

“நீங்க கழட்டுங்க சேர். பழக்கம்தானே.”

அவர் வாசலைத் தாண்டி வரவில்லை.

நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால், குளத்து விளிம்பிலிருந்து பலகைப் பக்கமாக, ஈரக் கால்கள் மாபிளில் பதியும் சத்தம் கேட்டது. சளக்... சளக்... பிறகு நின்றது. இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை போலும். திரும்பத் தண்ணீரில் இறங்கும் மெல்லிய சத்தம் வந்தது.

கேட்டுக்கு வெளியே றமீலா பையோடு எழுந்து நின்றாள். செக்கியூரிட்டி புத்தகத்தில் நேரத்தை எழுதினான். 9.41.

“இவ்வளவு வெள்ளனப் போறீங்க? குளத்த மூடியாச்சா மிஸ்?”

“இல்ல. மூடாதீங்க,” என்றேன். “உள்ள ஆள் இருக்கு.”